அம்மா காலில் தேடிய முள்

காய்ச்சல் விட்ட மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டு, மிச்சத்தை அலமாரியில் தூக்கிப் போடுகிற என் வயசுக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் காலை நடையில் நம்மில் ஒருவர், "டாக்டர் ஒரு வாரத்துக்குக் குடுத்தாரு, ரெண்டே நாள்ல சரியாப் போச்சு, மிச்சம் அடுத்த தடவைக்கு ஆச்சு" என்று ஏதோ சொத்து சேர்த்தவர் மாதிரி சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நடை நின்று சண்டை நடந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அன்றைக்கு மூடிக்கொண்ட வாய்க்கு இன்றைக்கு வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்க்கப் போகிறேன். பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் போய் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் நாடு என்கிற மலை ஊர்க் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் குடியிருப்பு. ஐம்பதுகளில் நடந்த கதை இது. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயசு. சாமை அறுத்து முடித்து, பனி இறங்கி, காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற தை மாதம். அந்த வருஷம் நல்ல விளைச்சல். எங்கள் வீட்டுத் தொம்பை விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. தொம்பை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மூங்கிலைப் பின்னி, உள்ளேயும் வெளியேயும் சாணியும் செம்மண்ணும் பூசி, ஆள் உயரத்துக்கு நிறுத்திவைக்கிற தானியக் கூடை. அதன்மேல் கன்னத்தை வைத்தால் வெயில் காலத்திலும் ஜில்லென்று இருக்கும். சாமைத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வரும்.

தானியம் நிறைந்தால் எலியும் நிறையும். அதில் அதிசயம் இல்லை. அதிசயம் என்னவென்றால், அந்தத் தையில் எலிகள் பட்டப்பகலில் வெளியே வந்தன. கள் குடித்தவன் மாதிரி தள்ளாடி நடந்து, நம் கண்ணெதிரிலேயே விழுந்து செத்தன. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. தொம்பைக்கு அடியில் கிடந்தவற்றை அம்மாதான் விளக்குமாற்றால் தள்ளி, பழைய முறத்தில் வாரி, வேலிக்கு அப்பால் கொட்டினாள்.

அப்பாவுக்கோ ஏக சந்தோஷம். "எவனோ பக்கத்துல மருந்து வச்சிக்கிறான். நமக்குச் செலவில்லாம வேல முடிஞ்சிது" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அம்மா படுத்துவிட்டாள். அம்மா படுத்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி கட்டிக்கிது" என்றாள்.

நெறி கட்டுவது உங்களுக்கும் தெரிந்ததுதான். காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் வீங்கும். முள்ளை எடுத்தால் வீக்கம் வடியும். எங்கள் மலையில் செருப்பு போட்டவரைப் பார்ப்பதே அபூர்வம். எல்லார் காலிலும் எந்நேரமும் ஒரு முள் இருக்கும். ஆகவே நெறி என்று சொன்னதுமே வீட்டில் எல்லாருக்கும் பாதிக் கவலை தீர்ந்துபோயிற்று. மீதிக் கவலையை அப்பா தீர்த்து வைத்தார். ஏனென்றால் முள் எடுப்பதில் அப்பாவை மிஞ்ச அந்த மலையில் ஆள் இல்லை. அவருடைய அரைஞாண் கயிற்றில் இரும்பு முள்வாங்கி ஒன்று எப்போதும் தொங்கும். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் காலை நொண்டிக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள்.

அம்மாவை முற்றத்து வெயிலில் உட்காரவைத்து, அவள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"எங்க வலிக்குதுன்னு சொல்லு."

"கால்ல ஒண்ணியும் வலிக்கல. நெறிதான் உயிர் போவுது. தல வெடிக்குது" என்றாள் அம்மா.

"முள்ளு இல்லாம நெறி கட்டுமா? உனுக்குத் தெரியாது. இரு."

ஒரு காலில் இல்லை என்று அடுத்த காலை எடுத்தார். காய்த்துப் போன குதிகாலைச் சீவினார். விரலிடுக்கைப் பிரித்தார். அவ்வளவு பொறுமையாக அவர் எங்கள் யாரிடமும் பேசியதுகூட இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தூணில் சாய்ந்து, காலை அவரிடம் விட்டுவிட்டாள். கடைசியில் பெருவிரலுக்கு அடியிலிருந்து கடுகில் பாதியாக ஒரு கறுப்புத் துணுக்கைப் பிடுங்கி எடுத்தார். அது எந்தக் காலத்து முள்ளோ. வெற்றிலை மேல் வைத்து எல்லாரிடமும் காட்டினார். அத்தை சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்து நெறியின் மேல் பற்றுப் போட்டாள்.

"காலைல எழுந்து களி கிண்டுவா பாரு" என்று அப்பா சொன்னார். நானும் நம்பினேன். அவர் முள்வாங்கி பொய் சொன்னதே இல்லை.

காலையில் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்து, செத்துப்போன தன் தங்கையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த நிமிஷத்துப் பயம் இருக்கிறதே, அது இந்த வயசிலும் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அப்பா மறுபடியும் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு முள் இருக்க வேண்டும் என்றார். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அதை விட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

அப்படி அவர் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் கடுக்காய் பாய் வந்தார். வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டுமல்லவா, அதற்காக ஒவ்வொரு தையிலும் கோவேறு கழுதைகளோடு மலை ஏறி, வீடு வீடாகக் கடுக்காய் மூட்டை வாங்கிப்போவார். வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார். அன்றைக்கு அப்பாவும் அவருக்காக மூட்டைகளைக் கட்டி வைத்திருந்தார்.

பாய் முற்றத்துக்குள் கால் வைத்ததும் அம்மாவைப் பார்த்தார். "வூட்டுல இன்னா ஆச்சு கவுண்டரே?"

"நெறி கட்டிக்கிது பாய். முள்ளு உள்ள மாட்டினு வரமாட்டுது."

பாய் அப்பாவிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பாப்பா, வூட்டுல எலி எதுனா செத்து வுழுந்துச்சா?"

"நெறைய வுழுந்துச்சு. அம்மாதான் வாரிக் கொட்டுச்சு" என்றேன்.

பாயின் முகம் வெளுத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். "யா அல்லா" என்று மெதுவாகச் சொன்னார். அப்படியே பின்னால் நடந்து வேலியைத் தாண்டினார். மூட்டையைத் தொடவில்லை. வழக்கமாகக் குடிக்கிற தண்ணீரைக் கேட்கவில்லை. கழுதைகளை அவிழ்த்து, வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "இத்தினி வருசப் பழக்கம். ஒரு வாய்த் தண்ணி குடிக்காம ஓடறான் பாரு. உசுரு அவனுக்கு மட்டும் வெல்லமா?" என்று கத்தினார். அத்தை அதற்கு மேலே நாலு வார்த்தை சேர்த்தாள். அவற்றை நான் எழுத மாட்டேன். எனக்கோ, பேரீச்சம்பழம் தராமல் போய்விட்டாரே என்பதும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் இருந்தது. பிள்ளை மனசு அவ்வளவுதான்.

மறுநாள் உச்சி வெயிலில் அதே பாய் மேட்டில் ஏறி வந்தார். பின்னால் கால்சட்டை போட்ட ஒரு டாக்டர், மூச்சு வாங்க. அவருக்குப் பின்னால் பெட்டியும் பம்பும் சுமந்த சில ஆட்கள். ஜீப் பாதி மலையில் நின்றுவிட்டதாம், மீதியை நடந்தே வந்திருக்கிறார்கள். பாய் முந்தின நாள் ஒரே ஓட்டமாக இறங்கி, ஆலங்காயம் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று, டாக்டரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம்.

பாய்தான் முதலில் பேசினார். "தண்ணி குடு கவுண்டரே. நேத்து குடிக்காம போய்ட்டேன்."

அப்பா சொம்பை நீட்டினார். குடித்து முடித்துவிட்டுப் பாய் சொன்னார்: "இது பிளேக்கு. நா சின்னப் பையனா இருக்கச் சொல்ல எங்கம்மாவ இதான் கொண்டுபோச்சு. அப்ப மருந்து இல்ல. இப்ப இருக்குதாம்." அத்தை உள்ளே போய்விட்டாள்.

டாக்டருக்கு முப்பது வயசுதான் இருக்கும். தெற்கத்திப் பேச்சு. அம்மாவைப் பார்த்தார், நெறியைப் பார்த்தார், சுண்ணாம்புப் பற்றைத் துடைத்தெடுக்கச் சொன்னார். பெட்டியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை முற்றம் முழுக்கப் பரவியது. எனக்கு அந்த வாடை அன்றைக்கே பிடித்துப் போயிற்று. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் நுழைந்தால் நீங்களெல்லாம் முகம் சுளிக்கிறீர்கள், நான் மட்டும் ஆழமாக மூச்சிழுக்கிறேன். கண்ணாடி ஊசிக்குழலை எங்கள் வெண்கலச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். ரப்பர் மூடி போட்ட குட்டிப் புட்டியில் வெள்ளைத் தூள். அதற்குள் தண்ணீரைச் செலுத்தி, கையால் உருட்டி உருட்டிக் கரைத்தார். ஸ்ட்ரெப்டோமைசின் என்று அந்த மருந்துக்குப் பேர். எங்களுக்கு வாயில் நுழையவில்லை. தூளூசி என்று வைத்துக்கொண்டோம்.

"பொழைச்சிக்குவாளாங்க?" என்று அப்பா கேட்டார்.

"பொழைச்சுக்குவாங்க" என்றார் டாக்டர், ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தபடி.

"இதுக்கு முன்ன இந்த ஊசிய யாருக்குனா போட்டுக்கிறீங்களா?"

"நெறைய பேருக்குப் போட்டிருக்கேன்."

அப்பா அதன் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் அதே முதல் கேள்வியைக் கேட்டார். அவரும் அதே பதிலை, குரல் மாறாமல் சொன்னார். எங்களுக்கு அந்தப் பதில் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. கேட்காமல் இருக்க முடியாது.

அன்றைக்கே குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். எல்லாரும் ஊருக்கு வெளியே கொல்லைக்காட்டில் சோளத்தட்டைகளை வைத்துக் குடிசை கட்டிக்கொண்டோம். அம்மாவுக்குத் தனிக் குடிசை. அப்பா அவளோடு. வீட்டுக் கூரையில் ஓட்டை போட்டு வெயிலை உள்ளே விட்டார்கள். எலி வளைகளில் பம்பால் புகை அடித்து மண்ணால் அடைத்தார்கள். சுவர் முழுக்க டி.டி.டி. என்கிற வெள்ளைப் பூச்சிமருந்துத் தூள் தெளித்தார்கள். வீடு மாவில் உருண்ட மாதிரி ஆயிற்று. எங்களுக்கெல்லாம் தடுப்பூசி. என் கை வீங்கி நான் ஊளையிட்ட சத்தம் மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தவாசல் வரைக்கும் கேட்டிருக்கும் என்று அத்தை ரொம்ப நாள் கேலி செய்தாள். வெள்ளை மாத்திரைகளும் கொடுத்தார்கள். அத்தை தன்னுடையதை இடுப்பில் செருகிக்கொண்டதை டாக்டர் பார்த்துவிட்டார். அதன் பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னார், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

தீர்ந்த புட்டிகளை என்னிடம் கொடுக்கும்படி கேட்டேன். கொதிநீரில் கழுவிக் கொடுத்தார். அவற்றை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றிலும் சாமை போட்டு, அவை என் தொம்பைகள் என்று விளையாடினேன். அம்மாவின் குடிசை வாசல் தெரிகிற இடத்தில்தான் விளையாடுவேன். உள்ளேயிருந்து முனகல் வந்தால் பயமாக இருக்கும். வராவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கும். ஒரு புட்டியில் அம்மா பிற்பாடு கண்மை வைத்திருந்தாள். எந்த வீடு மாறியபோதோ அது தொலைந்தது.

பிறகு ஒரு காலையில் அப்பா குடிசைக்கு வெளியே வந்து நின்று, தன் உள்ளங்கையைத் தானே பார்த்துக்கொண்டார். அம்மாவின் நெற்றியில் வைத்துப் பார்த்த கை. "வேர்த்துக்கிது" என்றார். காய்ச்சல் இறங்கிவிட்டது. அம்மா கஞ்சி கேட்டாள். என் பேரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் குடிசையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அப்பா தடுக்கவில்லை. அவரும் ஓடியிருப்பார், வயசு தடுத்திருக்கும்.

நம்முடைய கதை இங்கேதான் கெட்டுப்போகப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய நோய் கண்டு காய்ச்சல் விட்டால் வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அது நோயை விருந்தாளி மாதிரி வழியனுப்புவது. தண்ணீர் ஊற்றிவிட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு மருந்து தொடக் கூடாது. தொட்டால், போகிற நோயைக் கையைப் பிடித்துத் திரும்பவும் உட்கார வைத்த மாதிரி.

அத்தை தவலையில் தண்ணீர் காய வைத்துவிட்டாள். டாக்டர் ஊசியோடு வந்தபோது அப்பா குடிசை வாசலில் குறுக்கே நின்றிருந்தார். கோபமாக அல்ல. ஒரு கையில் தேன் குடுவை, இன்னொரு கையில் கால் கட்டிய சேவல்.

"நீங்க தெய்வம்ங்க. பொழைக்க வச்சிட்டீங்க. இத்த வாங்கிக்குங்க. போதும்ங்க, இன்னிக்குத் தண்ணி ஊத்திடறோம்."

"இன்னும் பாதி மருந்துகூட உள்ள போகலைங்க" என்றார் டாக்டர். "இப்ப நிறுத்தினா திரும்பும். திரும்பினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"காச்சலே இல்லையேங்க. யாருக்குங்க மருந்து?" என்றாள் அத்தை.

டாக்டர் கெஞ்சினார். அதட்டினார். போலீசைக் கூட்டி வருவேன் என்றும் சொல்லிப் பார்த்தார். நன்றி சொல்கிறவனோடு சண்டை போடுவது கஷ்டம். அப்பா ஒவ்வொன்றுக்கும் கும்பிட்டார், ஆனால் வாசலை விட்டு நகரவில்லை. சேவல் மட்டும் இடையிடையே கத்தியது.

உள்ளேயிருந்து அம்மா பேசினாள். தொண்டை கிழிந்த குரல். "அண்ணி, நோயி போய்டுச்சான்னு என்னைய யாருனா கேட்டீங்களா?"

அத்தை திடுக்கிட்டு எட்டிப் பார்த்தாள்.

"நெறி அப்பிடியேதான் இக்குது. தொட்டா உயிர் போவுது. விருந்தாளிங்கள்ல பாதிப் பேரு உள்ள படுத்துனு இருக்கச் சொல்ல, யாருக்கு நீங்க வழியனுப்பறீங்க? எல்லாரும் போவட்டும். நானே சொல்றேன், அன்னிக்கு ஊத்துங்க. இப்ப அவர உள்ள வுடச் சொல்லுங்க."

அது அத்தையின் கணக்குதானே. அவள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். அப்பா சேவலோடு ஒதுங்கி வழிவிட்டார். காய்ந்த தண்ணீரில் அன்றைக்கு என்னைக் குளிப்பாட்டினார்கள். வீணாக்கக் கூடாதல்லவா.

இதைத்தான் நம் காலை நடைக்காரரிடம் சொல்ல நினைத்தேன். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத என் அம்மாவுக்கு அன்றைக்குப் புரிந்தது, பேரன் பேத்தி எடுத்த உங்களுக்கு ஏன் புரிய மாட்டேன் என்கிறது?

தூளூசி முடிகிறவரைக்கும் டாக்டர் கொல்லையிலேயே கூடாரம் அடித்துத் தங்கினார். நெறி சுருங்கி, வெறும் கொட்டையாகி, கடைசியில் தடவினாலும் தட்டுப்படாமல் போனது. அப்போது அம்மா சொன்னாள், "இப்ப ஊத்துங்க." ஊற்றினார்கள். அத்தை அழுதுகொண்டே ஊற்றினாள். எங்கள் குடியிருப்பில் வேறு யாருக்கும் வரவில்லை. அப்பா மூட்டைகளைப் பாயிடம் கொடுத்தார். பாய் என் இரண்டு கையும் கொள்ளாமல் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

அம்மாவுக்கு அதன் பிறகு காதுக்குள் எப்போதும் சில்வண்டு கத்துகிற சத்தம் இருந்தது. அது நோயின் மிச்சம் என்றுதான் நினைத்திருந்தோம். ரொம்ப வருஷம் கழித்து வேறொரு டாக்டர், அது அந்த மருந்தால் வந்திருக்கலாம் என்றார். நான் வருத்தப்பட்டேன். அம்மா, "கத்தட்டும் வுடு. உசுரோட இருந்தாத்தான அதுகூடக் கேக்கும்" என்றாள்.

நாங்கள் வீடு திரும்பிக் கூரை வேய்ந்த பிறகு, பங்குனி வாக்கில், டாக்டர் இன்னொரு தடவை வந்தார். தனியாக. முற்றத்தில் அம்மா சாமை குத்திக்கொண்டிருந்தாள். தலைமுடி பாதி கொட்டியிருந்தது, உடம்பு குச்சியாக இருந்தது, ஆனால் உலக்கை ஏறி இறங்கியது. டாக்டர் வேலிக்கு வெளியிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே உரலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நடந்து வந்த களைப்பு என்று நாங்கள் நினைத்தோம். அம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தவர், கையை நனைத்துக்கொண்டு, சோற்றைத் தொடாமல் இருந்தார்.

"அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் கேட்டார் இல்ல," என்றார். "நெறைய பேருக்குப் போட்டிருக்கேன்னு சொன்னேன். காசநோய்க்காரங்களுக்குப் போட்டதும்மா அது. இந்த நோய்க்குப் போட்டது உங்களுக்குத்தான் மொதல்ல. புஸ்தகத்துல படிச்சதோட சரி. இந்த நோய் வந்தவங்களை முன்னாடியும் பாத்திருக்கேன். பொழைச்ச ஒருத்தரைப் பாக்குறது இதான் மொதத் தடவை."

அவ்வளவு நாளும் எங்கள் எல்லாரையும் தாங்கிப் பிடித்த அந்தப் பதிலுக்குக் கீழே, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் டாக்டர் மட்டும் தனியாக நின்றிருக்கிறார். ஆனால் அப்பா கோபப்படவில்லை. அந்தப் பொய்யும் மருந்தில் சேர்த்திதான் என்று பின்னாளில் சொல்வார்.

என் அம்மா அந்நிய ஆம்பளை முன்னால் உட்கார்ந்து சாப்பிடாதவள். அப்பா முன்னால்கூடச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு இன்னொரு தட்டை எடுத்து வந்து, டாக்டருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து பெரிய கவளமாக எடுத்தாள்.

"நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.